ஒன்றாம் எண்ணைத் தேடியவர்

பர்மிங்காமில் பழைய துப்பாக்கிகளைச் செப்பனிடும் ஹெட்லி திரப்புக்கு ஒரே வகை ஆட்களைத்தான் பிடிக்காது: பார்க்காமலேயே பழைய பொருளில் கை வைக்கிறவர்கள். ஊரில் பாதிப் பேர் அந்த வகைதான், என்ன செய்ய. ஒருத்தன் நூறு வருஷத்துத் துப்பாக்கியின் மரக்கட்டைக்கு மேசை வார்னிஷ் அடித்துக் கொண்டுவருவான். இன்னொருத்தன் துருவோடு செய்தவர் பெயரையும் சேர்த்து உப்புத்தாளால் தேய்த்துவிட்டு வந்து நிற்பான். "கண்ணு மூஞ்சில இருக்கா, முதுகுல இருக்கா?" என்று கேட்ட பிறகுதான் ஹெட்லி துப்பாக்கியைக் கையில் வாங்குவார்.

அவருக்கென்று இருந்தது ஒன்றே ஒன்று. 1898-இல் செய்த இரட்டைக்குழல் துப்பாக்கி. மேலே தங்கத்தில் '2' என்று பதித்திருந்தது. வேட்டையில் ஒன்றால் சுடும்போது உதவியாள் மற்றதில் தோட்டா போட்டுத் தருவான். அதற்காகவே ஜோடியாகச் செய்தது. அப்படியானால் '1' எங்கோ இருக்கிறது. இரண்டாம் எண்ணின் நசுங்கலை எடுத்து, கட்டைக்கு இரண்டு மாதம் உள்ளங்கையாலேயே எண்ணெய் தேய்த்து முடித்தவர், அதன் ஜோடியைப் பதினோரு வருஷமாகத் தேடினார். அவர் கடிதம் எழுதாத ஏலக்காரர் ஒருவர் பாக்கியில்லை.

"இதுல பாதி லெட்டர் எனக்கு எழுதியிருக்கலாம்" என்பாள் மனைவி பெரில்.

கடைசியில், துப்பாக்கியைச் செய்த கம்பெனியிலிருந்து, பழைய பேரேட்டைப் பார்த்து எழுதிய பதில் ஒன்று வந்தது. வெள்ளிக்கிழமை அதை மதுவிடுதிக்கு எடுத்துப்போய், கணப்பருகே தன் வழக்கமான நாற்காலியில் உட்கார்ந்து, எரிச்சலோடு சத்தமாகப் படித்தார்.

"ஒண்ணாம் நம்பர மட்டும் திரும்ப வாங்கி, 1934-ல எஸ்ரா டாலிங்கிறவனுக்கு வித்தாங்களாம். செத்து மண்ணாப் போனவன நான் எங்க போய்த் தேட?"

பீர் ஊற்றிக்கொண்டிருந்த விடுதிக்காரர் டென்சில் நிமிர்ந்தார். "எஸ்ரா டாலியா? எங்கம்மாவோட அப்பாங்க அவரு."

"அவன் துப்பாக்கி என்னாச்சு?"

"உங்க தலைக்கு மேலதான் தொங்குது."

கணப்பின் மேல் கறுப்புச் சாயம் பூசி மாட்டியிருந்த அந்தத் துப்பாக்கியை ஹெட்லி ஆறு வருஷமாக 'நாடகச் சாமான்' என்று கிண்டல் செய்துவந்தார். இப்போது நாற்காலியில் ஏறி அதை இறக்கினார். நகத்தால் சாயத்தைச் சுரண்டினார். தங்கத்தில் '1' தெரிந்தது. திருப்பிப் பார்த்தார். இரண்டு குழலையும் அடியில் அறுத்து, உள்ளே இரும்பை விட்டுப் பற்றவைத்திருந்தது. இனி எந்தக் கொம்பனாலும் சரிசெய்ய முடியாது.

"எந்த மடையன்யா இதச் செஞ்சது?"

டென்சில் தயங்கினார். "பரண்ல கெடச்சப்ப, லைசென்ஸ் இல்லையே, என்ன செய்யன்னு உங்ககிட்டதானே கேட்டேன். கொண்டாந்து காட்டவான்னும் கேட்டேன். 'ஊர்ல எல்லாப் பரண்லயும் ஒண்ணு கெடக்கு, அதயெல்லாம் பாக்க எனக்கு நேரமில்ல, குழல அடைச்சு செவுத்துல மாட்டு'ன்னீங்க. நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்னு செஞ்சேன்."

ஹெட்லி துப்பாக்கியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். தங்க '1'-ஐக் கட்டைவிரலால் ஒருமுறை தேய்த்தார்.

"சாயத்தத் தொடைக்கத் துணி ஒண்ணு குடு" என்றார். "கண்ணு எனக்குத்தான் முதுகுல இருந்திருக்கு."