வளைவில் கத்தியவர்

போடிக்குப் போகும் டீசல் ரயிலில் எனக்கு எதிரே ஒருவர் உட்கார்ந்திருந்தார். நரைத்த மீசை, சட்டையெல்லாம் ஏலக்காய் வாசம். போடிக்கு முந்தைய வளைவில் ஹாரன் அடித்ததும் வாசலுக்கு ஓடி, கம்பியைப் பிடித்துக்கொண்டு, "வெலகுடீ, வெலகு!" என்று கத்தினார். தண்டவாளத்தில் யாருமில்லை. பெட்டியே சிரித்தது, நானும்தான்.

திரும்பி வந்தவரிடம், "யாருண்ணே அங்க?" என்றேன்.

"எம் பொண்டாட்டி. காது மந்தம். பாதையை அகலமாக்குறோம்னு வருசக்கணக்கா ரயிலே விடல. ஊரே தண்டவாளத்துலதேன் புளி காயப்போடும். 'ரயிலு வரப்போகுதாமே'ன்னு கேட்டா. 'அதெல்லாம் வராது, போடு'ன்னு நாந்தேன் சொன்னேன். சோதனைக்கு விட்ட மொத ரயிலு அன்னைக்குத்தேன் வந்துச்சு."



போன வாரம் அதே ரயிலில் அவர் இல்லை. அந்த வளைவில் ஹாரன் கேட்டதும் வாசலுக்கு ஓடியது நான்.