குடை பிடித்தவர்

தாலி கட்டுக்குக் கொஞ்ச நேரம் இருக்கும்போது என் கேமரா அசிஸ்டென்ட் போன் பண்ணினான். "அண்ணே, தக்கலைப் பக்கம் ரோட்டுல வெள்ளம். பஸ்ஸு நிக்கி. நான் வந்து சேரமாட்டேன்."

கடற்கரை ரிசார்ட் கல்யாணம். மாப்பிள்ளை வீடு பெங்களூரு. அவர்களுடைய பிளானர், ஆனி ஆடி மழை முடிந்தால் போதும் என்று ஐப்பசியில் தேதி குறித்துவிட்டார். ஐப்பசியில் எங்களுக்கு இன்னொரு மழை உண்டென்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. மணவறைக்குப் பந்தல் இருந்தது, விருந்தாளிகளுக்கும் இருந்தது. நடுவில் நான் நின்று எடுக்கவேண்டிய இடத்தில் மட்டும் ஒன்றும் இல்லை. ரெயின் கவர் போட்டாலும் லென்ஸ் முகப்பில் சாரல் அடிக்கும். குடை பிடிக்க ஆள் வேண்டும்.

"நான் பிடிக்கேன் மக்கா" என்று ஒரு பெரிய கறுப்புக் குடையோடு வந்தவர் பெண்ணின் அப்பா. சுசீந்திரத்தில் உரக்கடை வைத்திருக்கிறார்.

"அண்ணாச்சி, நீங்க மணவறைல இருக்கண்டாமா?"

"அவளுக்க அம்மை இல்லைல்லா. ஒத்தையாளு இருந்து தாரை வாக்கப்பிடாதாம். தாய்மாமனும் அத்தையும் இருக்காவ. நான் சும்மாதான நிக்கேன்."

பிளானர் வந்து, "சார், டெஸ்டினேஷன் வெட்டிங் எப்படி?" என்று கேட்டார். "உங்களுக்குத்தான் டெஸ்டினேசன். எனக்கு டவுண் பஸ்ஸு வாற எடம்" என்றார் அண்ணாச்சி. நான் சிரித்ததில் ஒரு ஷாட் ஆடிப்போனது.

தாலி கட்டும்போது குடையின் ஓரம் ஃப்ரேமுக்குள் வந்தது. "அண்ணாச்சி, பின்னால வாங்க" என்றேன். வந்தார். பாறை மேல் கப்பிள் ஷூட்டிலும் அதையேதான் சொன்னேன். அவர் சட்டை முழுக்க நனைந்திருந்தது, என் கேமராவில் ஒரு துளி இல்லை.

மத்தியானம் மெமரி கார்டுகளை லேப்டாப்பில் ஏற்றி ஓட்டிப் பார்க்கும்போதுதான் உறைத்தது. ஒரு படத்தில்கூட அப்பா இல்லை. எல்லாப் படத்திலும் அவர் எனக்குப் பின்னால் நிற்கிறார்.

போய்க் கூப்பிட்டேன். "எனக்க படம் எதுக்குடே? ரேஷன் கார்டுல இருக்குல்லா. மாப்ள வீட்டாளுவள எடு." அதற்குள் பிளானர் ஃப்ளைட்டுக்கு நேரமாச்சென்று பெண்ணையும் மாப்பிள்ளையையும் கிளப்பிவிட்டார்.

மழை வலுத்தது. அண்ணாச்சி மறுபடி குடையோடு எனக்குப் பின்னால் வந்து நின்றார். ரிசார்ட் பையன் பிடித்த குடையில் பெண் கார் வரைக்கும் போனாள். ஏறாமல் திரும்பி நின்றாள். நேராக லென்ஸைப் பார்க்கிறாள் என்று நினைத்து ஃபோகஸ் பண்ணினேன். கண் என்மேல் இல்லை. என் தோளுக்கு மேலே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அண்ணாச்சி, எனக்குக் குடை வேண்டாம். மகளுக்குப் போய்ப் பிடிங்க."

"கேமரா நனைஞ்சிரும்லா?"

"நனையட்டும். போங்க!"

எங்கள் வீட்டில் காலேஜுக்குப் போன முதல் ஆள் நான். 'போட்டா புடிக்கதுக்கா படிச்ச?' என்று அம்மா இன்னும் கேட்பாள். அந்தக் கேமராதான் அவளுக்கு நான் காட்டிய ஒரே பதில். அது நனைந்துகொண்டிருந்தது. எடுத்தேன்.

அவர் குடை முழுவதையும் மகள் பக்கம் சாய்த்தார். அவள், "நீங்க நனையுதீங்கப்பா" என்று அவர் பக்கம் தள்ளினாள். அவர் மறுபடி இந்தப் பக்கம் தள்ளினார். அழுகையா சிரிப்பா என்று தெரியாத முகம் ரெண்டு பேருக்கும். குடை நடுவில் நின்ற ஒரு நொடி கிடைத்தது. அடுத்த க்ளிக்கில் ஸ்கிரீன் இருண்டுவிட்டது.

கார்டு பிழைத்தது. கேமரா பாடி பிழைக்கவில்லை.

ஆல்பமும் அந்தக் குடைப் படத்தின் பெரிய பிரிண்டும் போய்ச் சேர்ந்த அன்று அண்ணாச்சி போன் பண்ணினார். "அவளுக்க அம்மைக்க படத்துக்குப் பக்கத்துல மாட்டியாச்சு மக்கா." பிறகு, "கேமரா காஞ்சிற்றா?" என்றார்.

"காஞ்சிற்று அண்ணாச்சி" என்றேன். அப்போது என் தோளில் தொங்கியது இரவல் கேமரா.

மழைக் கல்யாணத்துக்குப் படமெடுக்கப் போகிற தம்பிமார்களே, குடை பிடிக்க ஆளை நீங்களே கூட்டிக்கொண்டு போங்கள். வீட்டுக்காரர் யாராவது பிடிக்க வந்தால், குடையை வாங்கிக்கொண்டு முதலில் அவரை ஃப்ரேமுக்குள் அனுப்புங்கள்.