ஒரு வீட்டிலிருந்து இரண்டு அட்மிஷன்

1. நோட்டீஸ் போர்டு

1964 ஜூன் 13, சனிக்கிழமை. பம்பாய் மாட்டுங்காவில் நான் அட்மிஷன் கிளார்க்காக இருந்த கல்லூரியின் நோட்டீஸ் போர்டில் அன்று காலை ஒரு சுற்றறிக்கையை ஒட்டினேன். காலை வகுப்புகளுக்கு டெர்ம் ஃபீஸ் உயர்கிறது. இதுவரை எல்லோருக்கும் கிடைத்த அரைக் கட்டணச் சலுகை இனி இருபத்தைந்து வயதுக்குக் கீழ் உள்ளவர்களுக்கு மட்டும். பணம் கட்டக் கடைசி நாள் 20ஆம் தேதி.

காலை வகுப்பு வேலைக்குப் போகிறவர்களுக்காக ஏற்பட்டது. ஏழு மணிக்குத் தொடங்கும்; பத்து மணிக்குள் மாணவர்கள் லோக்கல் ரயிலில் ஆபீஸ் போய்க்கொண்டிருப்பார்கள். மில் கிளார்க், பாங்க் பியூன், இரண்டு பிள்ளை பெற்ற டைப்பிஸ்ட் இப்படித்தான் வருவார்கள். இருபத்தைந்துக்குக் கீழே ஆளைத் தேட வேண்டும். பசை காய்வதற்குள் கவுண்டரில் கூட்டம் கூடிவிட்டது. கேள்விகள் இந்தியிலும் மராத்தியிலும் வந்தன. திட்டு மட்டும் தமிழில் கிடைத்தது.

“ஏன் சார், இருபத்தாறு வயசு ஆனா சம்பளம் டபுள் ஆயிடுமா?” என்று ஒருவர் கேட்டார். எனக்கு அப்போது இருபத்தெட்டு வயது.

2. பேச்சியம்மாள்

திங்கட்கிழமை செம்பூரிலிருந்து ஓர் அம்மாள் வந்தார். பெயர் பேச்சியம்மாள். வயது முப்பத்தாறு. கோட்டைப் பகுதியில் ஒரு கம்பெனியில் டெம்பரரி டெலிபோன் ஆபரேட்டர். கூட வந்த மகள் வசந்தா தூணுக்கு அருகே தள்ளி நின்றாள். அந்த வருடம்தான் எஸ்.எஸ்.சி. முடித்தவள். இருவருமே முதல் வருட ஆர்ட்ஸ் வகுப்புக்கு மனுக் கொடுத்திருந்தார்கள், இரண்டு பேருக்கும் அரைக் கட்டணம் என்று நம்பி. இப்போது அம்மாவுக்கு முழுக் கட்டணம். ஆக, கையிலிருந்த பணத்துக்கு ஒருவர்தான் சேர முடியும்.

நான் மகளின் மனுவை மேலே எடுத்து வைத்தேன். யாரும் சொல்லாமலே கை அதைத்தான் எடுத்தது.

“அது இல்ல சார்,” என்றார் பேச்சியம்மாள். “என் மனுவ எடுங்க.”

எங்கள் ஹெட் கிளார்க் ராமநாதன் பின்னாலிருந்து எழுந்து வந்தார். “ஏம்மா, பொண்ணு ஃபர்ஸ்ட் கிளாஸ் வாங்கியிருக்கா. அவளை ஆத்துல உக்கார வெச்சுட்டு நீங்க காலேஜ் போகப் போறேளா?”

“ஆமா சார். நான் சொல்லுதத ஒரு நிமிஷம் கேளுங்க. இவளுக்குப் பதினேழு வயசு. சலுகை அடுத்த வருஷமும் இவளுக்கு உண்டு. எனக்கு ஃபீஸ் ஏறத்தான் செய்யும். காலேஜ்ல சேந்த ரசீத ஜூலைக்குள்ள காட்டுன்னு ஆபீஸ்ல சொல்லிட்டாவ. ரெண்டு வருஷம் படிச்சு இண்டர் பாஸ் பண்ணினா பர்மனென்ட். ரசீது இல்லன்னா வேற பொண்ண வச்சுக்கிடுவாவ. என் சம்பளம் நின்னா இவ படிப்புக்கு யாரு கட்டுவா, நீங்களா?”

ராமநாதன் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கணக்கில் பிழை இல்லை.

“நாள் பூரா ‘ஹோல்ட் ஆன் ப்ளீஸ்’னு ஊரையே நிக்க வைக்கிறவ நான். இன்னைக்கு என்னைய நிக்க வச்சுட்டியளே. எழுதுங்க சார்.”

தூணருகிலிருந்து குரல் வந்தது. “எழுதாதீங்க சார்.”

வசந்தா கவுண்டருக்கு வந்தாள். “அம்மா, ஒரு வருஷம் நான் சும்மா இருந்தா அப்பா விடுவாரா? முலுண்ட்ல ஒரு பையன் இருக்கான்னு ராத்திரி சாப்பிடுறப்பல்லாம் சொல்லிட்டிருக்காரு. காலேஜ் போறேங்கிறதுனாலதான் வாயைத் திறக்காம சுப்னு இருக்காரு.”

“ஏட்டி, மெதுவா பேசு. எல்லாரும் பாக்காவ.”

“பாக்கட்டும். உனக்கு வேலை போகும். எனக்கு என்ன போகும்னு நீ சொல்லு.”

பேச்சியம்மாள் கவுண்டரில் கிடந்த இரண்டு மனுக்களையும் மாறி மாறிப் பார்த்தார். வரிசையில் பின்னால் நின்றவர்கள்கூட அவசரப்படுத்தவில்லை. இரண்டு மனுக்களையும் தனியே எடுத்து வைத்து, சனிக்கிழமைக்குள் முடிவு சொல்லுங்கள் என்று அனுப்பினேன்.

அந்த வாரம் எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. சர்க்குலேட்டிங் லைப்ரரியிலிருந்து எடுத்து வந்த புத்தகத்தில் ஒரே பக்கத்தைத் திரும்பத் திரும்பப் படித்தேன். அம்மா பக்கம் நியாயம் என்று தீர்மானித்தால் மகள் வந்து நிற்பாள். மகள் பக்கம் சாய்ந்தால் அம்மா. கவுண்டரில் செம்பூர் விலாசம் வரும்போதெல்லாம் தலையை நிமிர்த்திப் பார்த்தேன்.

3. கடைசி நாள்

ஜூன் 20 அன்று நல்ல மழை. பதினோரு மணிக்கு மூன்று பேராக வந்தார்கள். மூன்றாமவர் வசந்தாவின் அப்பா. குர்லாவில் ஒரு பட்டறையில் ஃபிட்டர்; கையில் கிரீஸ் போகவில்லை. அரை நாள் லீவு போட்டு வந்திருக்கிறார் என்பது முகத்திலேயே தெரிந்தது.

“சொல்லுங்கப்பா,” என்றாள் வசந்தா.

அவர் என்னைப் பார்த்தார், ராமநாதனைப் பார்த்தார். “சார், அடுத்த ஜூன் வரைக்கும் இவ கல்யாணப் பேச்ச எடுக்க மாட்டேன்.”

ராமநாதன் திகைத்துப்போனார். “இதுக்கு என்கிட்ட ரசீது புஸ்தகம் இல்லையேப்பா!”

வரிசை முழுக்கச் சிரித்தது. அப்பாவும் சிரித்துவிட்டார். வசந்தா சிரிக்கவில்லை.

“அடுத்த ஜூன் இல்ல. நான் பி.ஏ. முடிக்கிற வரைக்கும்.”

“வீட்ல அப்படிப் பேசலியே, தாயி.”

“இப்போ பேசுதேன்.”

அவர் மனைவியின் பக்கம் திரும்பினார். பேச்சியம்மாள் அவருக்கு உதவவில்லை. ஈரக் குடையை மடக்கிக்கொண்டே, “பிள்ள கேக்கால்லா, பதில் சொல்லுங்க,” என்றார்.

“சரிட்டி. முடிக்கிற வரைக்கும்.”

“சத்தமா.”

“முடிக்கிற வரைக்கும்! போதுமா? இந்த பம்பாய்க்கே கேட்டிருக்கும்.”

வசந்தா கவுண்டரிலிருந்து ஓரடி விலகி அம்மாவுக்கு இடம் விட்டாள். “அம்மா பேரை எழுதுங்க சார்.”

எழுதினேன். ரசீதையும் கிழித்துக் கொடுத்தேன்.

பின்னர் நடந்ததைப் பேச்சியம்மாளே காலை வேளைகளில் கவுண்டரில் நின்று சொல்வார். வசந்தா செம்பூரில் பள்ளிப் பிள்ளைகளுக்கு ட்யூஷன் எடுத்து ஃபீஸுக்குப் பணம் சேர்த்தாள். முலுண்டுக்காரர்கள் தீபாவளிக்குப் பிறகு வந்தார்கள். அப்பா அவர்களை வாசலிலேயே பேசி அனுப்பிவிட்டார். “‘சரி’ன்னு நாக்குல வந்திருச்சு அவருக்கு, முழுங்கிட்டாரு,” என்றார். அடுத்த ஜூனில் ஃபீஸ் மறுபடி ஏறியது. சலுகை நீடித்தது. அம்மா இண்டருக்கும் மகள் முதல் வருடத்துக்குமாக ஒரே நாளில் பணம் கட்டினார்கள். வரிசையில் மகள் அம்மாவுக்கு முன்னால் நின்றாள்.

அட்மிஷன் வேலைக்கு வரும் இளைஞர்களுக்குச் சொல்ல என்னிடம் இருப்பது ஒன்றுதான். ஃபீஸ் ஏறும்போது பலர், “சரி சார், அடுத்த வருஷம் பாத்துக்கலாம்,” என்று நகர்வார்கள். 1964 ஜூன் வரை நான் தலையாட்டிவிட்டு அடுத்தவரைக் கூப்பிடுவேன். அந்த ஜூனுக்குப் பிறகு, ஓய்வு பெறும் வரை, “அந்த ஒரு வருஷத்துல வீட்ல என்ன நடக்கும்?” என்று கேட்டேன். சிலர் என்னை முறைத்தார்கள். சிலர் சொல்லத் தொடங்குவார்கள், வரிசை நின்றுவிடும். ராமநாதன் வேலையில் இருந்தவரை பின்னாலிருந்து தொண்டையைச் செருமுவார். நான் திரும்பிப் பார்த்ததில்லை.