ஒட்டாமல் விட்ட முனை

யுத்த காலத்தில் பெங்களூர் விமானத் தொழிற்சாலையில் வெல்டராக இருந்தேன். படிப்பு மூன்றாம் வகுப்பு. எங்கள் இன்ஜினியர் வரைந்த சைலன்சர், இன்ஜினை ஓட்டிப் பார்க்கும்போதெல்லாம் விரிசல் விட்டது.

"தகடு பத்தலை மேஸ்திரி, இன்னும் தடியாப் போடுய்யா" என்றார்.

சூட்டில் இரும்பு நீள இடம் வேண்டும் என்பதுகூடத் தெரியாத பட்டதாரி! சொல்லக் கூச்சம். அவர் கேட்ட தடித் தகட்டையே போட்டு, ரகசியமாகக் குழாயின் ஒரு முனையை மட்டும் ஒட்டாமல் செருகி வைத்தேன். விரிசல் விடவில்லை.

"பார்த்தியா, தடிப்புதான் பலம்!" என்றார். உள்ளுக்குள் சிரித்தேன்.

அடுத்த சைலன்சரை, அவர் சொன்னபடியே, என்கூட வெல்டராக இருந்த ஜோகுபாளையத்து அந்தோணி இரு முனையும் இறுக்கி ஒட்டினான். இன்ஜினை ஓட்டிப் பார்த்தபோது விரிசலில் பாய்ந்த நெருப்பு அவன் முகத்தைத் தீய்த்தது.

"உன்னுது மட்டும் எப்படிண்ணா நின்னுச்சு?" என்று கட்டுக்குள்ளிருந்து கேட்டான்.

இன்ஜினியர்மேல் இருந்த இளக்காரம், இப்போது சவரம் செய்யும்போது கண்ணாடியிலிருந்து என்னைப் பார்க்கிறது.