மிச்சம் பிடித்த குளிசைகள்

சிக்கனமாக இருந்ததற்காக ஒருவர் ஏச்சு வாங்கியதை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? நான் போன மாதம் பார்த்தேன். கொழும்பில், ஒரு கிளினிக்கில், ஒரு டொக்டரின் மேசைக்கு முன்னால்.

ஏச்சு வாங்கியவள் எனக்குச் சட்டை தைத்துத் தருகிறவள். லிங்கநகரில் என் வீட்டிலிருந்து கூப்பிடு தூரம். உண்மைப் பெயரைச் சொல்ல மாட்டேன். மலர் என்று வைத்துக்கொள்வோம். கணவர் இல்லை. ஒரே மகள், ஏ.எல். வகுப்பில் படிக்கிறாள். மலருக்கு எச்.ஐ.வி. இருக்கிறது.

எப்படி வந்தது? — கேட்பீர்கள் என்று தெரியும். நான் கேட்கவில்லை. மலேரியாக் காய்ச்சலில் கிடப்பவரிடம் உன்னை எந்த நுளம்பு கடித்தது என்றா கேட்கிறோம்?

என்னிடம் சொல்லியே இருக்கமாட்டாள். ஆனால் கொழும்பில் ஒரு தமிழ்ப் பெண் தனியாக லொட்ஜில் தங்கினால் பொலிஸ் என்னவெல்லாம் கேட்கும் என்று உங்களுக்குத் தெரியும். ஏன் வந்தாய், யாரைப் பார்க்க, என்ன வருத்தத்துக்கு மருந்து... துணைக்கு ஒரு ஆள் வேண்டும். நரைத்த தலையாக இருந்தால் இன்னும் நல்லது. அந்தத் தகுதி எனக்குத் தாராளமாக இருக்கிறது.

சொல்லி முடித்துவிட்டுத் தேநீர் கொண்டுவந்து வைத்தாள். வைத்துவிட்டு என் கையையே பார்த்துக்கொண்டு நின்றாள். நான் ஒரே மூச்சில் குடித்தேன். வாய் வெந்துபோனது. பரவாயில்லை... அவள் முகத்தைப் பார்த்தபோது இன்னொரு கோப்பையும் கேட்கலாம் போலிருந்தது.

இந்தக் கிருமியை உடம்பை விட்டே துரத்தும் மருந்து இன்னும் இல்லை. அடக்கி வைக்கும் குளிசை இருக்கிறது. நம் நாட்டிலும் இப்போது இலவசமாகவே கொடுக்கிறார்கள். கொழும்பில் கொடுக்கிறார்கள் என்பதுதான் வில்லங்கம். காலையும் இரவும், நேரம் தவறாமல் போட வேண்டும். ஒழுங்காகப் போட்டால் தையல் மெஷின் ஓடும், உலை கொதிக்கும், பேரப்பிள்ளையையும் தூக்கலாம். மலருக்கு அப்படித்தான் ஓடிக்கொண்டிருந்தது.

இருவரும் விடியற்காலை பஸ் ஏறினோம். ஒவ்வொரு செக் பொயின்றிலும் இறங்கி, வரிசையில் நின்று, பையைத் திறந்து காட்டி, மறுபடி ஏறி... நம் ஊர்க்காரருக்கு இதை விளக்க வேண்டுமா? ஓரிடத்தில் ஒரு ஆமிக்காரப் பொடியன் மலரின் பைக்குள்ளிருந்து போத்தலை எடுத்தான். லேபல் இல்லை. அயலார் கண்ணில் படக்கூடாதென்று அவள் எப்போதோ சுரண்டி எடுத்துவிட்டாள்.

"மே மொனவாத?" என்றான். இது என்ன என்று கேட்கிறான்.

"விட்டமின்" என்றாள் மலர்.

குலுக்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தான். போத்தல் நன்றாகவே சத்தம் போட்டது. மருந்து முடிந்து எடுக்கப் போகிறவளின் போத்தல் காலியாக அல்லவா இருக்க வேண்டும்? அந்த நேரத்துப் பயத்தில் எனக்கு அது உறைக்கவில்லை.

டொக்டர் கிண்ணியாப் பக்கத்து முஸ்லிம் பெண். நம் பக்கத்துத் தமிழைக் கேட்டதுமே மலருக்குப் பாதி வருத்தம் போய்விட்டது. ஆனால் டொக்டர் இரத்த றிப்போர்ட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"குளிசை ஒழுங்காப் போடுறீங்களா புள்ள?"

"ஓம் டொக்டர். ஒரு நாளும் விட்டதில்லை."

"பின்ன ஏன் உடம்பு இப்பிடி இறங்கிப் போயிருக்கு?"

மலர் பையைத் திறந்து அந்தப் போத்தலை எடுத்து மேசையில் வைத்தாள். வகுப்பில் முதலாம் பிள்ளையாக வந்தவள் தேர்ச்சி அறிக்கையை நீட்டும்போது ஒரு முகம் இருக்குமே, அந்த முகம்.

"இஞ்ச பாருங்கோ டொக்டர். எவ்வளவு மிச்சம் பிடிச்சு வைச்சிருக்கிறன்!"

டொக்டர் மூடியைத் திறந்து பார்த்தார். நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"அல்லாஹ்வே... என்ன புள்ள செஞ்சி வெச்சிருக்கீங்க?"

"இரவுக் குளிசையை விட்டுட்டன் டொக்டர். காலமை மட்டும்தான் போடுறனான். பாதை பூட்டினா நான் எங்க போறது? பஸ் ஓடாட்டி இஞ்ச வர ஏலாது. நான் விழுந்தா பிள்ளைக்கு ஆர் இருக்கினம்? அதுதான்..."

யாருக்கு வரும் இந்த யோசனை? எனக்கு வரும். உங்களுக்கும் வரும். இந்தச் சண்டை எங்களுக்குப் படிப்பித்த ஒரே பாடம் இதுதானே! மண்ணெண்ணெய் குறைந்தால் திரியை இறக்கு. பால்மா குறைந்தால் கரண்டியைக் குறை. பாதி மூடித் தேங்காயை நாளைக்கு வை. நெருப்புக்குச்சியை இரண்டாகப் பிளக்கிற பெண்ணை எனக்குத் தெரியும். சல்லிக் கடற்கரையில் மீன் கூடிப்போன அன்றும் ஒரு துண்டைக் கருவாட்டுக்கென்று ஒதுக்குவோம். பாதை எப்போது பூட்டும், எப்போது திறக்கும் என்று தெரியாத ஊரில் மிச்சம் பிடிக்கத் தெரிந்தவள்தான் கெட்டிக்காரி. மலர் கெட்டிக்காரி.

டொக்டர் கத்தவில்லை. கத்தியிருந்தால்கூடத் தாங்கியிருக்கலாம். கதிரையை இழுத்து மலருக்குக் கிட்ட வந்து இருந்துகொண்டு சொன்னார்.

"உங்கட ஊர்ச் செக் பொயின்ற்ல பகல்ல மட்டும் காவல் வெச்சா ராவைக்கு என்ன நடக்கும் புள்ள? அதேதான். ஒரு குளிசைய விட்டா ரத்தத்தில மருந்து குறையும். கிருமி எழும்பிப் பெருகும். அதோட போகாது... கொஞ்ச மருந்தோடயே இருந்து இருந்து அதுக்குப் பழகிப் போயிரும். பிறகு நீங்க முழு மருந்து போட்டாலும் அது அசையாது."

"அப்ப நான் இனி முழுசாப் போடுறன் டொக்டர்."

"போடுங்க. கட்டாயம் போடுங்க. ஆனா அது இப்பவே பழகிட்டுதா இல்லையா எண்டு எனக்குத் தெரியாது."

மலரின் முகத்திலிருந்து அந்த முதலாம் பிள்ளை போனதை நான் பார்த்தேன். அதைப் பார்க்காமலே இருந்திருக்கலாம்.

மிச்சம் பிடித்ததையும் சேர்த்து ஒரு மாதத்துக்குக் கணக்காகக் குளிசை கொடுத்தார். அது முடிந்ததும் மறுபடி இரத்தம் பார்க்க வேண்டுமாம். மருந்து கேட்கவில்லை என்றால் வேறு வகைக்கு மாற வேண்டும். அந்த வேறு வகை? "எல்லா நேரத்திலயும் கைவசம் இருக்காது" என்றார், எங்கள் இருவரையும் பார்க்காமல். பிறகு தன் டெலிபோன் நம்பரைத் தந்தார்.

"பாதை பூட்டப் போகுது எண்டு கதை அடிபட்டாலே எனக்கு ஒரு கோல் எடுங்க. முடியும் மட்டும் பார்த்துக்கொண்டு இருக்க வேணாம். நீங்களா ஒண்டையும் குறைக்கவும் வேணாம், நிப்பாட்டவும் வேணாம். என்னட்டக் கேக்காம ஒரு குளிசையில கை வைக்கப்படாது. சரியா புள்ள?"

"ஓம் டொக்டர்."

திரும்பி வரும் பஸ்ஸில் மலர் ஜன்னல் பக்கம் இருந்தாள். கந்தளாய் தாண்டியதும் என் பக்கம் திரும்பினாள்.

"அக்கா, பிள்ளைக்காகத்தான் சேர்த்தனான். கிருமிக்கெல்லோ சேர்த்துக் குடுத்திருக்கிறன்."

கையைப் பிடித்துக்கொண்டேன். கோபம் கோபமாக வந்தது, மலர் மீதல்ல. பாதையைப் பூட்டுகிறவர்களிடம் அதற்கொரு நியாயம் இருக்கிறது. பூட்ட வைக்கிறவர்களிடமும் ஒரு நியாயம் இருக்கிறது. இரண்டையும் வானொலியில் விளக்கமாகச் சொல்கிறார்கள். நடுவில் ஒரு தையல்காரி தன் உயிரைப் பாதிப் பாதியாக வகுத்துப் போட்டதை யார் சொல்கிறார்கள்?

வாராவாரம் நான் நிரப்புகிற இந்தப் பக்கத்தில் இதை எழுதுவதாக இல்லை. போன ஞாயிற்றுக்கிழமை மலரே வந்தாள்.

"எழுதுங்கோ அக்கா. என்ர பேரை மட்டும் போடாதேங்கோ. என்னைப் போல இன்னும் ஆரும் எங்கயும் மிச்சம் பிடிச்சுக்கொண்டு இருப்பினம். கெட்டித்தனம் எண்டு நினைச்சுக்கொண்டு இருப்பினம்."

ஆகவே, அந்த முகம் தெரியாத ஆளுக்குச் சொல்கிறேன்: அரிசியை மிச்சம் பிடியுங்கள். எண்ணெயை மிச்சம் பிடியுங்கள். இந்தக் குளிசையை மட்டும் வேண்டாம். முழுதாக, நேரத்துக்குப் போடுங்கள். முடிவதற்கு முன்பே வாய் திறந்து கேளுங்கள். கேட்க வெட்கமாக இருந்தால் என்னைப் போல ஒரு நரைத்த தலையைத் துணைக்கு அழைத்துப் போங்கள். ஊருக்குள் நிறையப் பேர் இருக்கிறோம்.

முந்தாநாள் மறுபடி பஸ் நின்றுவிட்டது. எங்கோ கண்ணிவெடியாம், பாதை பூட்டாம். பொழுது படும் நேரம் மலர் வீட்டுக்குப் போனேன். மகள் முன் அறையில் கணக்குச் செய்துகொண்டிருந்தாள். மலர் என்னைக் குசினிக்குள் கூட்டிப் போனாள். என் கண் முன்னாலேயே இரவுக் குளிசையை வாயில் போட்டுத் தண்ணீர் குடித்தாள்.

"இன்னும் எவ்வளவு இருக்கு?" என்றேன்.

"நான் எண்ணுறேல்லை அக்கா. எண்ணினா கை மிச்சம் பிடிக்கப் பார்க்கும்."

"டொக்டருக்குச் சொன்னனியோ?"

"கதை அடிபட்ட அண்டைக்கே கோல் எடுத்திட்டன். உடனே மருந்தை அனுப்பிவிட்டவா. வந்துகொண்டிருக்காம்."

சொன்னதை எல்லாம் சொன்னபடி செய்திருக்கிறாள். ஒன்றிலும் பிசகவில்லை. இன்று காலை நான் விசாரித்தேன்.

மருந்துப் பொதி பாதி வழியில், ஹபரணையில் நிற்கிறதாம்... கிருமி நிற்குமா?