சந்தனத்தில் பதிந்த கட்டைவிரல்

பேய், ஆவி, காத்துக்கருப்பு என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். இன்றைக்கும் அப்படித்தான். அதனால் இதை நீங்கள் நம்ப வேண்டும் என்று கேட்கமாட்டேன், உங்கள் இடத்தில் இருந்தால் நானே நம்பமாட்டேன், ஆனால் நடந்தது நடந்ததுதான். கம்ப்யூட்டர் பாதுகாப்பு என் வேலை, யாரையும் நம்பாமல் இருப்பதற்குத்தான் சம்பளமே தருகிறார்கள், அந்தப் புத்தி வீட்டுக்குள்ளும் வந்துவிட்டது என்று என் மனைவி சுபா சொல்வாள். அவள் சொல்வதில் தப்பில்லை.

கடல் தாண்டி வந்து, கெல்லிவில் என்கிற புறநகரில் எங்கள் வீடு. மற்றவர்கள் வாட்ச் சேர்க்கிறார்கள், நான் பழைய ரிவால்வர் சேர்க்கிறேன். கைப்பைக்குள் அடங்குகிற சின்னச் சாமான் இல்லை, கை நிறைய நிற்கிற பெரிய உடம்பு, சுண்டுவிரல் போகிற குழல், ஒரு கிலோவுக்கு மேல் கனம். இந்த நாட்டில் அதை இடுப்பில் செருகிக்கொண்டு தெருவில் இறங்க முடியாது. சேகரிப்பவருக்கான லைசென்ஸ், தரையோடு போல்ட் அடித்த இரும்புப் பெட்டி, விசைக்குப் பூட்டு, போதாததற்குப் போலீஸ் வேறு வந்து பார்த்துவிட்டுப் போவார்கள். லைசென்ஸ் இல்லாத இன்னொருவர் கை பட்டது என்று தெரிந்தால் எல்லாம் போச்சு. பெட்டிக்கு ஒரே சாவி, அதை என் அரைஞாண் கயிற்றில் கட்டியிருக்கிறேன், குளிக்கும்போதும் கழற்றமாட்டேன். சிரிக்கிறீர்கள், சுபாவும் சிரிப்பாள்.

இது நடந்த வருஷம் புதிதாக ஒன்று வாங்கினேன். நடுவில் மடங்கித் திறக்கிற ஆங்கிலேய ராணுவ ரிவால்வர். யாரோ ஓர் அதிகாரி கிழக்கு நாடு ஒன்றில் வைத்திருந்தது என்றார் விற்றவர். எந்த நாடு என்று கேட்டேன், தெரியாது என்றார். பெயர் பொறித்திருந்த இடத்தை அரம் போட்டுத் தேய்த்திருந்தார்கள். சந்தேகப்பட்டிருக்க வேண்டும்தான், ஆனால் கையில் எடுத்துப் பார்த்த பிறகு சந்தேகமெல்லாம் எங்கே வருகிறது.

ஆயுத பூஜை வந்தது. எங்கள் வீட்டில் கார் சாவி, லேப்டாப், ஆஸ்பத்திரியில் வேலை செய்கிற சுபாவின் ஸ்டெதஸ்கோப், எல்லாவற்றுக்கும் பொட்டு உண்டு, அவற்றோடு ரிவால்வர்களுக்கும் உண்டு. மதுரையில் அப்பா லேத் மெஷினுக்கு வைப்பார், நான் இதற்கு வைக்கிறேன். சுபா யாழ்ப்பாணத்துக்காரி, அவளுக்கு இது பிடிக்கவே பிடிக்காது.

"சாமிப் படத்துக்கு முன்னால துவக்கோ? கஜன் வீட்டில இருக்கிறான், கொஞ்சம் யோசியுங்கோவன்."

கஜன் அவளுடைய தம்பி. நிரந்தர விசாவுக்குக் காத்துக்கொண்டு எங்களோடு தங்கியிருந்தான். சின்ன வயதில் ஊரில் நடந்த போருக்கு நடுவே ஓடி வந்தவன், பக்கத்து வீட்டில் பட்டாசு வெடித்தால் நாற்காலியை விட்டு எழுந்துவிடுவான். சுபா சொன்னதை நான் கேட்கவில்லை. குழல், கைப்பிடி என்று தாராளமாகச் சந்தனம் அப்பி, தீபாராதனை காட்டி, எல்லாவற்றையும் பெட்டியில் வைத்துப் பூட்டினேன். பூஜையில் வைத்ததை மறுநாள் காலைதான் எடுக்க வேண்டும், அதுதான் வழக்கம்.

மறுநாள் வெயில் நன்றாக ஏறிய பிறகு திறந்தேன். மற்றதிலெல்லாம் சந்தனம் காய்ந்து வெடித்திருந்தது. புதியதில் மட்டும் அப்போதுதான் அரைத்த மாதிரி ஈரமாக இருந்தது. கைப்பிடிச் சந்தனத்தின் நடுவே ஒரு கட்டைவிரல் ரேகை. யாரோ இறுக்கிப் பிடித்திருக்கிறார்கள்.

எனக்கு முதலில் பயம் வரவில்லை, கோபம்தான் வந்தது. வீட்டில் மூன்று பேர். சுபா அந்தச் சாமானைப் பக்கத்தில் நின்றுகூடப் பார்க்கமாட்டாள். மிச்சம் யார்? நான் தூங்கும்போது இடுப்புச் சாவியை அவிழ்த்திருப்பானோ?

"கஜன், அந்த ரூமுக்குள்ள போனியா?"

"இல்லை அத்தான். நான் ஏன் அங்க போறன்?"

"உன் விசாவும் போகும், என் லைசென்ஸும் போகும். உண்மையைச் சொல்லிடு."

"சத்தியமா நான் தொடேல்லை."

நான் விடவில்லை. சந்தனக் கிண்ணத்தைக் கொண்டுவந்து அவன் முன்னால் வைத்து விரலைப் பதிக்கச் சொன்னேன். அவன் விரலைத் தோய்த்து ஒரு தட்டில் பதித்தான். மெல்லிய விரல், கைப்பிடியில் பதிந்திருந்ததில் பாதி அகலம். சுபா கிண்ணத்தை என் பக்கம் தள்ளினாள். "இப்ப உங்கட விரலையும் வையுங்கோ. சாவி உங்களிட்டத்தானே இருக்கு." வைத்தேன். என்னுடையதும் பொருந்தவில்லை. சந்தோஷப்படுவதா வேண்டாமா என்று எனக்குத் தெரியவில்லை.

அதற்குள் கஜன் பையைக் கட்டிவிட்டான். கிரவீனில் சிநேகிதன் வீட்டுக்குப் போகிறேன் என்றான். சுபா அழுதாள். அவன் வாசலில் குனிந்து ஷூ மாட்டும்போது அவன் பின்கழுத்தைப் பார்த்தேன். முடி முடிகிற இடத்துக்குக் கீழே ஒரு சின்ன வட்டம், நடுவில் வெறும் தோல், சுற்றிச் சந்தனம் காய்ந்திருந்தது.

அவன் போனதும் பெட்டியைத் திறந்து, அந்தக் குழல் வாயை ஒரு வெள்ளைத் தாளில் அழுத்திப் பார்த்தேன். அதே வட்டம். அன்றைக்கே போலீஸ் ஸ்டேஷனுக்குப் போன் போட்டு, அவர்கள் சொன்னபடி பூட்டிய கைப்பெட்டி ஒன்றில் வைத்துக் கொண்டுபோய் அந்த ரிவால்வரை ஒப்படைத்துவிட்டேன். ஏன் என்று கேட்டார்கள், வேண்டாம் என்று மட்டும் சொன்னேன். சுபாவிடம் வட்டத்தைப் பற்றி மூச்சுவிடவில்லை. என் சந்தேகப் புத்தி தம்பியைத் துரத்திவிட்டது என்று அவள் என்னோடு பேச்சை நிறுத்தினாள், அது நியாயம்தான்.

பிறகு நானே கிரவீனுக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன். வீட்டுக்கு வா, அந்தச் சனியன் போய்விட்டது, அக்கா சாப்பிடாமல் கிடக்கிறாள் என்றேன். கஜன் நல்ல பிள்ளை, வாறன் என்றான். காருக்கு வரும் வழியில் தயங்கித் தயங்கிக் கேட்டான்.

"அத்தான், பூசைக்கு அடுத்த நாள் விடிய, நான் குப்புறப் படுத்திருக்கேக்க, என்ர பின்கழுத்தில குளிரா என்னவோ வைச்சு எழுப்பினது நீங்கள்தானே?"

அன்றைக்கு விடியற்காலை நான் அவன் அறைப்பக்கம் போகவே இல்லை. ஆனால் இல்லை என்று சொன்னால் அவன் திரும்பி வரமாட்டான், வந்தாலும் தூங்கமாட்டான்.

"ஆமா, நான்தான்" என்றேன்.

அவன் முகம் தெளிந்தது. பையைக் காரில் வைத்துவிட்டு லேசாகச் சிரித்தான்.

"நான் பயந்துபோனன். ஆனா அதுக்கு ஏன் அத்தான் இங்கிலீஷில கதைச்சனீங்கள்? எழும்பு, வெளியில நட, திரும்பிப் பாக்காத எண்டு."