நின்ற இடத்தில் நிற்காத கார்டு பெட்டி

ஓடாத ரயிலுக்குக் காவல் நிக்கிற வேலை என்னுது. கேட்டுல நிக்கிறவங்க, லிப்ட்டுல நிக்கிறவங்க, நகைக்கடை வாசல்ல கும்பிட்டுகினே நிக்கிறவங்க, உங்களுக்கு நான் விளக்கம் சொல்ல வேணாம். சாயங்காலம் ஆனா கால் நம்ம பேச்சைக் கேக்காது. அம்பத்தூருக்கும் ஆவடிக்கும் நடுவுல, ரயில் பாதைய ஒட்டுன மாதிரி எங்க மியூசியம். பழைய நீராவி இஞ்சின், மரப் பெட்டி, சரக்கு வண்டி எல்லாம் வெட்டவெளியில நிக்கும். கழுத்துல விசில மாட்டிகினு நானும் நிப்பேன். யாராச்சும் இஞ்சின் மேல ஏறினா ஊதணும். அவ்ளோதான் வேலைன்னு சொல்லித்தான் சேத்துகினாங்க.

எப்போ கிளம்பும்?

சென்னீர்குப்பத்துலேர்ந்து ஒரு பெரியவர் குடும்பத்தோட வந்தாரு. மத்தவங்க எல்லாம் சுத்திப் பாக்கப் போயிட்டாங்க. இவரு மட்டும் மரப் பெட்டியில ஜன்னல் ஓரமா உக்காந்து, டிபன் டப்பாவத் திறந்து, "எப்போ கிளம்பும்?"ன்னு கேட்டாரு. எனக்குச் சிரிப்பு வந்துடுச்சு. "இது கிளம்பாது அய்யா, சும்மா பாக்கறதுக்கு வச்சிருக்காங்க. என் வயசுக்கு மேல இங்கயே நிக்குது"ன்னேன்.

அவரு இட்லியப் பிட்டு வாயில போட்டுகினு, சிரிக்காம என்னப் பாத்தாரு. "நிக்குதுன்னு உனக்குத் தெரியுது. அதுக்குத் தெரியுமா?"

சாய்ஞ்ச பொண்ணு

கடைசியில ஒரு கார்டு பெட்டி இருக்கு. சரக்கு ரயிலுக்குப் பின்னாடி மாட்டற சின்னப் பெட்டி, கார்டு ஒருத்தர் மட்டும் உக்காந்து போறது. அது நிக்கிற தண்டவாளம் கொஞ்சம் சரிவு. சக்கரத்துக்கு மரக்கட்டை முட்டுக் குடுத்திருக்கும். சரிவு முடியற இடத்துல வேப்ப மரம், அதுக்குக் கீழ கல் பெஞ்சு. பள்ளிக்கூடப் புள்ளைங்க வந்தா அங்கதான் நெழலுக்கு உக்காந்து சாப்பிடுங்க.

முகப்பேர்லேர்ந்து கம்ப்யூட்டர் கம்பெனி ஜோடி ஒண்ணு வந்து போட்டோ எடுத்துச்சு. பொண்ணு கார்டு பெட்டி மேல ஸ்டைலா சாய்ஞ்சுது. சட்டுனு தடுமாறி ரெண்டடி தள்ளி வந்து நின்னுச்சு. மூஞ்சி வெளுத்துப் போச்சு. வெயிலும்மா, தண்ணி குடின்னு பாட்டிலக் குடுத்தேன். பாட்டில வாங்கல. "வெயில் இல்லக்கா. நான் சாய்ஞ்சேன், அது விலகிச்சு."

எலுமிச்சம்பழம்

ஆயுத பூஜைக்கு எங்க வண்டிங்களுக்கும் மாலை, சந்தனம், பொரி எல்லாம் உண்டு. சக்கரத்துக்குச் சக்கரம் எலுமிச்சம்பழம் வைப்போம். ஆட்டோவா லாரியா இருந்தா டிரைவர் ஏறி ஓட்டுவான், பழம் நசுங்கும், திருஷ்டி போச்சு. எங்க வண்டி எங்க ஓடறது? பழம் வச்சது வச்சபடி காய்ஞ்சு சுண்டி, கடைசியில குப்பைக்குப் போவும்.

இந்த வாட்டி பூஜைக்கு மறுநாள் காலையில பெருக்கிகினே போறேன், கார்டு பெட்டி முன்சக்கரத்துக்குக் கீழ பழம் சப்பையா கிடக்குது. கொட்டை தண்டவாளத்துல ஒட்டிகினு கீது. யாரும் மிதிக்க முடியாத எடம், சக்கரத்துக்கு நேர் அடியில. குழந்தைங்கள ஏத்திகினு மைதானத்தைச் சுத்துற சின்ன ரயில் ஒண்ணு எங்ககிட்ட கீது, அத ஓட்டுற தேசிங்கக் கூப்பிட்டுக் காட்டினேன். அவன் கன்னத்துல போட்டுகினான். "பூஜைய ஏத்துகினு கீதுக்கா. நல்ல விசயம்தானே, நீ இன்னாத்துக்கு மூஞ்ச இப்பிடி வச்சிகினு கீற?"

சாக்பீஸ்

நான் மூஞ்சிய வேற எப்படி வச்சிக்கிறது? பேய் பிசாசுன்னா வேப்பிலை இருக்கு, தாயத்து இருக்கு. கீழ பெஞ்சுல புள்ளைங்க சாம்பார் சாதம் சாப்பிடும்போது இது பாட்டுக்கு வந்துட்டா அதுக்கு இன்னா இருக்கு? சக்கரத்துலயும் தண்டவாளத்துலயும் சேத்து சாக்பீஸால ஒரு கோடு போட்டேன். நாலஞ்சு நாள் ஒண்ணும் இல்ல. அப்புறம் ஒரு காலையில பாத்தா கோடு ரெண்டாப் பிரிஞ்சு, நடுவுல ஒரு விரல் எடம்.

மேனேஜர் சார்கிட்ட ஓடுனேன். திருநெல்வேலிக்காரர், நல்ல மனுசன், ஆனா பேப்பர் இல்லாம மூச்சு விட மாட்டாரு. பெஞ்ச மாத்துங்க சார், இல்லேன்னா தண்டவாளத்துல இரும்புக் கட்டை அடிங்க சார்னு கெஞ்சுனேன். சாக்பீஸ் கோட்ட வந்து பாக்கக்கூட இல்ல. "பெஞ்ச நகத்தணும்னா மேல கேக்கணும். மேல கேட்டா ஏன்னு கேப்பாங்க. ஓடாத வண்டி ஓடுதுன்னு நான் எப்படிம்மா எழுதுவேன்?"

வெள்ளைச் சட்டை

அந்த ராத்திரி பூரா வெள்ளானூர்ல எங்க ஊட்டு மோட்டுவளையப் பாத்துகினு படுத்துகினு இருந்தேன். காலையில டீ குடிக்கும்போது தேசிங்குகிட்ட சொன்னேன்: "வேப்ப மரத்தாண்ட மட்ட மத்தியானத்துல ஒரு ஆளப் பாத்தேன்டா. கார்டு போடற மாதிரி வெள்ளைச் சட்டை, வெள்ளைப் பேன்ட்டு. முதுகக் காட்டி நிக்கிறாரு. கூப்பிட்டா திரும்பல."

சத்தியமாச் சொல்றேன், அப்பிடி ஒரு ஆள நான் பாக்கவே இல்ல. வாய்க்கு வந்தத அவுத்து வுட்டேன். சாயங்காலத்துக்குள்ள டிக்கெட் கவுன்ட்டர் வரைக்கும் போயிடுச்சு. ரெண்டு நாள்ல அவருக்குக் கையில பச்சைக் கொடி முளைச்சுது. வாசல்ல பூ விக்கிற அம்மா, அவருக்குக் கால் ரெண்டும் தரையில படலன்னு கண்ணால பாத்தேன்னுச்சு. நான் கட்டுன பொய் எனக்கே முதுகுல குறுகுறுங்குது. அதுக்கடுத்த நாள் காலையில ஆளுங்க வந்து பெஞ்சத் தூக்கி இஞ்சின் பக்கமா போட்டாங்க. மேனேஜர் சார் என்னைப் பாக்காம, மரத்தப் பாத்துகினு பேசினாரு. "எனக்கு இதுலல்லாம் நம்பிக்கை இல்லம்மா. எங்க வீட்ல அவ நம்புதா."

பெஞ்சு இருந்த இடம்

பூந்தமல்லி பக்கத்துலேர்ந்து ஒரு ஸ்கூல் வந்துச்சு. எல்லாம் சின்னச் சின்னப் புள்ளைங்க. இஞ்சின் பக்கம் புது நெழல்ல உக்காந்து டப்பாவத் திறந்துச்சுங்க. நான் அந்தப் பக்கம் திரும்பறேன், கார்டு பெட்டி மரக்கட்டையத் தாண்டி வந்துகினு கீது. வேகமா இல்ல. நடக்கற மாதிரி, அவசரமே இல்லாம. காத்து இல்ல, பக்கத்துப் பாதையில ரயிலும் போவல. விசில் என் வாயிலதான் இருந்துச்சு, ஊத மூச்சு வரல. தண்டவாளம் முடிஞ்சு, மண்ண உழுதுகினு போய், பெஞ்சு இருந்த எடத்துல ஏறி, வேப்ப மரத்துல முட்டி நின்னுச்சு.

புள்ளைங்க வேடிக்கை காட்றாங்கன்னு நெனச்சு கை தட்டிச்சுங்க. நான் அங்கயே தரையில உக்காந்து அழுதேன். ஒவ்வொரு தலையா எண்ணிப் பாத்துட்டு டீச்சரம்மா என்கிட்ட வந்தாங்க. "இந்த வண்டி ஓடாதுன்னு போர்டு வச்சிருக்கீங்களேம்மா."

வெல்டர்

கிரேன் வச்சுப் பெட்டியப் பழைய எடத்துலயே தூக்கி வச்சாங்க. மறுபடியும் அதே மரக்கட்டை, கூட ஒரு பரிகார பூஜை, அதோட முடிச்சுக்கலாம்னு பேச்சு. வுடுவேனா நானு? கண்ணக் கசக்கிகினே மேனேஜர் ரூமுக்குப் போனேன். "வெள்ளைச் சட்டை கனவுல வந்தாரு சார். தண்டவாளத்து மேல எனக்கு இரும்புல ஒரு கட்டை அடிச்சு வையின்னாரு. வைக்கலேன்னா அடுத்தது இஞ்சின்னு சொல்லிட்டுப் போனாரு." எழுத வேண்டிய பேப்பர் எல்லாம் அன்னைக்கே எழுதியாச்சு. மறுநாள் வெல்டர் வந்துட்டாரு. இப்போ அந்த இரும்புக் கட்டைக்கு மஞ்சள் குங்குமம் வச்சு, வெள்ளிக்கிழமையில பூவும் போடறாங்க. போடட்டும். கட்டை கெட்டியா கீது, எனக்கு அது போதும்.

அன்னைக்கு வேலை முடிஞ்சு கண்ணாடியக் கழட்டின வெல்டர், கார்டு பெட்டிக்கு அடியில குனிஞ்சு ரொம்ப நேரம் பாத்தாரு. சுத்தியால சக்கரத்தத் தட்டினாரு. கடப்பாரையக் குடுத்து நெம்பினாரு, அசையல. அப்புறம் தண்டவாளம் பூரா கையால தடவிகினே வந்து என்னாண்ட நின்னாரு. "நாலு சக்கரமும் துரு ஏறி இறுகிப் போய் கீதுக்கா, இது உருளாது. வழுக்கி வந்திருந்தா தண்டவாளத்துல கீறல் இருக்கணும், அதுவும் இல்ல. பின்ன இத்த யாரு இட்டாந்தது?"

இல்லாத ஒருத்தரை உண்டாக்கி அந்தப் புள்ளைங்களக் காப்பாத்துனது நான்தான்னு தெம்பா இருந்தவ, இப்போ வேப்ப மரத்தத் தாண்டும்போதெல்லாம், யாரும் பாக்கலேன்னா, அந்தப் பக்கமா ஒரு சலாம் வச்சிட்டுத்தான் போறேன்.